அரை நாளில் முடிகிற ஊரா தஞ்சாவூர்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், குறைந்த செலவில் ஊர் சுற்றுகிறவர்களுக்கான பகுதியில் தஞ்சாவூரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். "பெரிய கோயிலைப் பார்த்துவிட்டால் போதும், அரை நாளில் தஞ்சாவூர் முடிந்துவிடும்" என்ற வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. இந்த ஊரில் பிறந்து இங்கேயே வாழ்க்கைப்பட்டவள் நான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே உங்கள் பத்திரிகையை வாசிக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

உங்கள் திட்டப்படி காலையில் திருச்சி, நண்பகலில் பெரிய கோயில், மாலையில் கும்பகோணம். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து என் நாத்தனார் குடும்பம் வந்தது. கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனால் கல்தரை அடுப்பு மாதிரி கொதிக்கிறது. சின்னவன் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக்கொண்டு அழுகிறான். மாமியாரைக் கைத்தாங்கலாக நிழலுக்குக் கொண்டுபோவதற்குள் கருவறை நடை சாத்திவிட்டார்கள். இனி மாலை நாலு மணிக்குத்தான். மதியம் நடை சாத்துவார்கள் என்பது எங்கள் ஊர்ச் சிறுபிள்ளைக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அதை ஒரு வரி எழுத இடமா இல்லை?

மறுநாள் விடிந்ததும் நானே அழைத்துப் போனேன். வெயில் ஏறுமுன் கருவறைக்கு மேல் உயர்ந்து நிற்கிற விமானக் கோபுரத்தைச் சுற்றி நடந்தால் அடித்தளம் முழுக்க எழுத்து. உற்றுப் பார்த்தால் சில எழுத்துகள் நமக்கே பிடிபடும். 'நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்' என்று ராஜராஜன் வெட்டச் சொன்னது அங்கேதான் இருக்கிறது. தன் கொடையோடு அக்காவின் கொடையையும் சேர்த்துக் கல்லில் ஏற்றிய அரசன் அவன். கோயிலில் ஆடிய நானூறு பெண்களின் பெயரும், யார் எந்தத் தெருவில் எந்த வீட்டில் இருந்தார்கள் என்பதும் வெட்டியிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வீட்டு விலாசம்! இதைக் கேட்டதும் நாத்தனார் பெண் கைபேசியை உள்ளே வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். இதைப் பார்க்கக் காசு வேண்டாம், நுழைவுச் சீட்டே கிடையாது. வேண்டியது நேரம்தான். அதைத்தான் நீங்கள் பாதியாக வெட்டிவிட்டீர்கள்.

அரண்மனையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அங்குள்ள கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர், காளைமேல் கைசாய்த்த சிவன், நிற்கிறார், 1011இல் வார்த்த செப்புத் திருமேனி. பக்கத்திலிருந்த காளை இப்போது இல்லை. அதன்மேல் சாய்ந்திருந்த கை மட்டும் அதே சாய்வோடு அந்தரத்தில் நிற்கிறது. தலைமுடியைச் சுருள் சுருளாகத் தலைப்பாகை போலச் சுற்றியிருக்கிற அழகை அருகில் நின்றுதான் பார்க்க வேண்டும். அதே வளாகத்தில் சரஸ்வதி மகால் நூலகம். ஓலைச்சுவடிகளையும் நூல்களையும் தேடித்தேடிச் சேர்த்த மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையைக் கூடப் படம் வரைந்து எழுதிவைக்கச் செய்தவர். பட்ஜெட்டில் வருகிறவர்களுக்கு இதெல்லாம் வேண்டாம் என்று யார் உங்களுக்குச் சொன்னது?

அப்புறம், குறைந்த செலவு என்று தலைப்புப் போட்டுவிட்டு நாள் முழுக்க வாடகைக் கார் எடுக்கச் சொல்கிறீர்கள். பழைய பேருந்து நிலையத்தில் இறங்கினால் கோயிலும் அரண்மனையும் நடக்கிற தூரம். திருவையாற்றுக்குப் பேருந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. கணக்குப் பார்த்துச் செலவழிக்கிற குடும்பத்துக்கு இதைவிட உபயோகமான தகவல் எது?

இது முதல் தடவையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று முன்பு ஒருமுறை எழுதினீர்கள். காலையிலும் மாலையிலும் அந்த நிழலில் உட்கார்ந்து பூக்கட்டி வளர்ந்தவள் நான். இன்னொரு முறை கங்கைகொண்ட சோழபுரத்துப் படத்தைப் போட்டு 'தஞ்சைப் பெரிய கோயில்' என்று அச்சிட்டீர்கள். எங்கள் விமானம் நேராக ஏறும், அது உள்வளைந்து ஏறும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களா உங்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள்? பெரிய நந்தி நாயக்கர் காலத்தது என்றும், அம்மன் சன்னதி சோழருக்குப் பின் பாண்டியர் காலத்தில் வந்தது என்றும் சொல்லி இரண்டு முறை கடிதம் போட்டேன். வெளியிடவும் இல்லை, ஒரு பதிலும் இல்லை. போகட்டும் என்று இருந்தேன். ஆனால் ஊரையே அரை நாளுக்குள் அடைக்கும்போது எப்படிச் சும்மா இருப்பது?

தயவுசெய்து அடுத்த இணைப்பில் கோயில் நடை திறக்கும் நேரம், சாத்தும் நேரம், கலைக்கூட நேரம், பேருந்து விவரம் ஆகிய நான்கையும் சின்னதாக ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். வெயில் நாளில் வயதானவர்களையும் குழந்தைகளையும் காலையிலேயே கூட்டி வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கீழவாசல் வாசகி,
தஞ்சாவூர்.