பறவைக்குக் கணக்கு இருக்கிறது, மீனுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாபநாசத்தில் இளைஞர்கள் ஆற்றுக்குள் இறங்கித் துணிகளை வாரிக் கரையில் குவித்திருந்த படத்தை உங்கள் நாளிதழில் பார்த்தேன். பரிகாரம் என்று உடுத்திய துணியைத் தாமிரபரணியோடு விடுகிறவர்களைத் திட்டி நானும் முன்பு உங்களுக்கு எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை திட்டு எனக்கும் என் போன்ற தூண்டில்காரர்களுக்கும்.

போன தை மாதம் பேத்தியைத் திருநெல்வேலி குறுக்குத்துறைப் படித்துறைக்குக் குளிக்கக் கூட்டிப் போயிருந்தேன். இரண்டாவது படியிலேயே அலறினாள். உள்ளங்காலில் துருப்பிடித்த தூண்டில் முள். நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாக ஒரு சின்ன முள் இருக்குமே, அதனால் இழுத்தால் வராது. ஆஸ்பத்திரியில் கீறித்தான் எடுத்தார்கள். முள்ளோடு ஒரு முழம் தங்கூசி நரம்பும் தொங்கியது. அது நான் விட்டதாகவும் இருக்கலாம். பாறையில் சிக்கினால் வெட்டிவிட்டு வேறு முள் கட்டுவதுதானே எங்கள் பழக்கம்? இப்போது பையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்திருக்கிறேன். படித்துறையில் கிடக்கிற நரம்பு, முள், ஈயக்குண்டு எல்லாம் அதற்குள் போகும். பாட்டில் நிறைய மூன்று மாதம்கூட ஆகவில்லை.

நான் தபால் ஆபீஸில் வேலை பார்த்து 2013-இல் ஓய்வு பெற்றவன். மீனை விற்பதற்காகப் பிடிப்பதில்லை. குறுக்குத்துறை முதல் சீவலப்பேரி வரை எங்கே ஆழமான கசம், எங்கே மணல் என்று கால் அறியும். பதிவேடு எழுதியே பழகிய கை, சும்மா இருக்கவில்லை. என்றைக்கு, எங்கே, என்ன மீன், எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். முதல் நோட்டில் கெண்டை, ஆரல், உளுவை, எப்போதாவது ஒரு விரால். இப்போது பக்கம் பக்கமாக ஜிலேபி மீன்தான். நடுவில் ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்க்கக் கூடாது என்று அரசு தடை போட்ட மீன், எப்படியோ ஆற்றுக்கு வந்துவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளம் குறுக்குத்துறை முருகன் கோயிலையே மூழ்கடித்ததே, அது வடிந்த பிறகு உடம்பெல்லாம் ஓடு மாதிரி செதில் கொண்ட ஒரு கறுப்பு மீன் மாட்டியது. வீட்டுத் தொட்டியில் பாசி தின்ன விடுவார்களே, அந்த டேங்க் கிளீனர். தென் அமெரிக்க ஆற்று மீன். வளர்ந்துவிட்டால் தொட்டி கொள்ளாது. கொல்ல மனசு வராமல் யாரோ புண்ணியம் என்று ஆற்றில் விட்டிருப்பார்கள். அது கரையில் வளை தோண்டும், வலையைக் கிழிக்கும். தயவுசெய்து விடாதீர்கள்.

சரி, என் ஒரு நோட்டை வைத்து என்ன செய்ய முடியும்? இங்கே 2011-இலிருந்து தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஜனவரியில் தன்னார்வலர்கள் குளம் குளமாகப் போய் எண்ணுகிறார்கள். நயினார்குளத்தில் எத்தனை நாரை என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறது. அந்த நாரை தின்கிற மீனுக்குக் கணக்கு இல்லை. தூண்டில் போடுகிற ஒவ்வொருவரும் எழுத ஆரம்பித்தால், எந்த மீன் எந்த வருஷம் எங்கே காணாமல் போனது என்றாவது தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விரால் குஞ்சுகள் பந்து மாதிரி செக்கச்செவேலென்று மேலே மிதக்கும். தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். அங்கே தவளையைக் கோத்து எறிந்தால் பசிக்கு இல்லை, கோபத்துக்கே பாய்ந்து கடிக்கும். வயசுக் காலத்தில் அப்படி எத்தனை விராலைத் தூக்கினேனோ! காவல் போனால் அந்தக் குஞ்சுகளைக் கெளுத்தி விட்டுவைக்காது. மீன் இனம் பெருகட்டும் என்று அரசு போட்ட தடையால் கடலில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. குஞ்சுப் பந்தைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் போக எங்களுக்கு அரசாணை எதற்கு?

பறவை எண்ணுகிற பிள்ளைகளிடம் நானே போய்க் கேட்கலாம் என்றிருக்கிறேன். அதற்குள் யாராவது சேர விரும்பினால், ஞாயிறு காலை ஆறு மணிக்குக் குறுக்குத்துறைப் படியில் இருப்பேன். ஒரு நோட்டும், ஒரு காலி பாட்டிலும் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
வண்ணாரப்பேட்டை, திருநெல்வேலி