ஃபில்டரின் பெயரை மாற்றுகிறீர்களா? சொல்லிவிட்டு மாற்றுங்கள்

வேர்ட்பிரஸ் தளங்களில் சேர்க்கும் டெலிவரி கட்டணப் பிளகினை (துணை நிரலை) உருவாக்கும் குழுவினருக்கு,

வணக்கம். தீபாவளிக்கு முந்தைய வாரம் நான் அனுப்பிய புகார் உங்களிடம் இருக்கும். அதற்குத் தமிழிலேயே பதில் எழுதிய உங்கள் உதவிப் பிரிவுத் தம்பிக்கு நன்றி. இந்த மடலை அவர் உங்கள் நிரலாளர்களிடம் காட்டுவார் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

சிங்கப்பூரின் செங்காங்கில் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கும் ஓர் அக்காவின் தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். 80 வெள்ளிக்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம். உங்கள் பிளகின் தரும் ஃபில்டர் ஒன்றில், அதாவது ஒரு மதிப்பை வெளி நிரல் மாற்ற இடம் தரும் பெயரிட்ட கொக்கியில், நான் மாட்டியிருந்த பத்து வரி நிரல்தான் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டது. மூன்று வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு ராத்திரி பிளகின் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. பதிப்பு எண்ணில் கடைசி இலக்கம் மட்டும்தான் மாறியிருந்தது. மாற்றக் குறிப்பில் 'சிறு திருத்தங்கள்' என்று இரண்டே சொல். அந்தத் திருத்தங்களில் ஒன்று, என் ஃபில்டரின் பெயர். பழைய பெயரில் மாட்டியிருந்த என் நிரல் அதோடு ஓடாமல் போனது.

மறுநாள் சாயங்காலத்துக்குள் 23 பேரிடம் தலா 8 வெள்ளி கூடுதலாகப் பிடித்தாயிற்று. அக்கா எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, பேநவ் பணப்பரிமாற்றம் வழியாக 184 வெள்ளியைத் திருப்பி அனுப்பினார். "இலவசம்னு போட்டுட்டு காசு புடிக்கிறீங்களே" என்று பழைய வாடிக்கையாளர் ஒருவர் கேட்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

நான் தேடிய கதையையும் கேளுங்கள். பிழைகள் பதிவாகும் டிபக் லாகைத் திறந்தேன், ஒரு வரி இல்லை. இருக்கவும் இருக்காது. வேர்ட்பிரஸில், யாருமே கூப்பிடாத பெயரில்கூட ஒரு ஃபங்ஷனை (நிரல் துண்டை) மாட்டி வைக்கலாம். அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருக்கும், பிழை என்று எதுவும் எழாது. ஃபில்டரில் என் நிரல் மாட்டியிருக்கிறதா என்று 'ஹேஸ் ஃபில்டர்' கொண்டு கேட்டேன். 20 என்றது, எந்த வரிசையில் ஓட வேண்டும் என்று நான் கொடுத்த முன்னுரிமை எண். சரி, மாட்டித்தான் இருக்கிறது. வேறு ஏதோ எனக்குப் பின்னால் ஓடி மதிப்பை மாற்றுகிறதோ என்று 20-ஐ 99 ஆக்கினேன், 999 ஆக்கினேன். மதிப்பை ரிட்டர்ன் செய்ய மறந்தேனா என்று நாலு தடவை பார்த்தேன். ராத்திரி இரண்டு மணிக்குத்தான் 'டிட் ஃபில்டர்' நினைவுக்கு வந்தது. ஒரு ஃபில்டர் எத்தனை முறை ஓடியது என்று சொல்லும் ஃபங்ஷன், வேர்ட்பிரஸ் 6.1-இல் வந்தது. 0 என்றது. அப்புறம், எந்த ஹுக் (கொக்கி) ஓடினாலும் கூடவே ஓடும் 'ஆல்' என்ற ஹுக்கில் ஒரு ஃபங்ஷனை மாட்டி, பணம் கட்டும் செக்அவுட் பக்கத்தில் ஓடும் எல்லாப் பெயர்களையும் ஒரு கோப்பில் எழுதவைத்தேன். ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே உங்கள் புதுப் பெயர் இருந்தது. பழைய பெயரோடு ஒரே ஒரு சொல் கூடியிருந்தது.

பெயரை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. நான் கேட்பது, பழைய பெயரைச் சத்தமில்லாமல் தூக்காதீர்கள் என்பதுதான். கைவிடப்பட்ட பழைய பெயரையும் எச்சரிக்கையோடு ஓடவிடும் 'அப்ளை ஃபில்டர்ஸ் டெப்ரிகேட்டட்' 2016-இல், வேர்ட்பிரஸ் 4.6 பதிப்பிலேயே வந்துவிட்டது. அந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தால் பழைய பெயரும் ஓடியிருக்கும். டிபக்கை இயக்கியதுமே, எந்தப் பெயர் போய் எந்தப் பெயர் வந்திருக்கிறது என்று லாக் எனக்குச் சொல்லியிருக்கும்.

உங்கள் பதிலில் மற்ற எல்லாப் பிளகின்களையும் நிறுத்திவிட்டு, தளத்தின் தோற்றத்தைத் தரும் 'தீம்'-ஐயும் மாற்றிப் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். தீபாவளி வாரத்தில், ஆர்டர் வந்துகொண்டிருக்கும் கடையிலா? சோதித்துப் பார்க்க நகல் தளம் வைத்துக்கொள்ள வசதியில்லாத எத்தனையோ சிறு கடைகள் உங்கள் பிளகினை நம்பியிருக்கின்றன. பெயரில்லாத ஃபங்ஷன்களை ஹுக்கில் மாட்டும் பழக்கமும் உங்களிடம் கூடிக்கொண்டே போகிறது. பெயர் இல்லாததை 'ரிமூவ் ஃபில்டர்' கொண்டு நாங்கள் எப்படிக் கழற்றுவது? பாதுகாப்புக்காகத் தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கி வையுங்கள் என்று சொல்வதும் நீங்கள்தான். நீங்கள் சொன்னபடி செய்தவர்கள்தான் மாட்டிக்கொண்டோம்.

கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிளகின் நல்ல பிளகின். அதை விட்டுவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை.

ஆகவே தயவுசெய்து, பழைய ஃபில்டர் பெயரை டெப்ரிகேட்டட் அறிவிப்போடு அடுத்த பதிப்பில் திரும்பக் கொண்டுவாருங்கள். இனி எந்த ஹுக்கின் பெயரை மாற்றினாலும், பழையது எது, புதியது எது என்று மாற்றக் குறிப்பில் எழுதுங்கள். அக்கா பொங்கல் ஆர்டர்களை மார்கழியில் எடுக்கத் தொடங்குவார். அதற்குள் செய்து கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் பிளகினைப் பயன்படுத்தும் சிங்கப்பூர் நிரலாளர் ஒருவர்