வலை கிழிந்தவருக்கும் மற்றவர்களுக்கும்

கடலோரத்து உறவுகளுக்கு வணக்கம்.

உங்கள் கடலில் மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பலை ஆராய வந்த எங்களுக்கு நீங்கள் செய்த உதவிக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. கப்பலில் பாதிக்கு மேல் இன்னும் கடலடியில்தான் கிடக்கிறது. இடம் தெரிந்தால் வேண்டாதவர்கள் முங்கி அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். ஆட்களின் பெயரையும் அதனால்தான் விட்டுவிட்டேன். படிக்கும்போது எது யாரைப் பற்றியது என்று அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி வலை கிழிந்தவருக்கு. ஒரே இடத்தில் மூன்றாவது தடவை வலை மாட்டியபோது, அறுத்துவிட்டுத் திட்டிக்கொண்டே திரும்பியிருக்கலாம். நீங்களோ கரையில் தெரிந்த அடையாளங்களை இரண்டிரண்டாக நேர்வைத்துப் பார்த்து, இடத்தை மனதில் குறித்துக்கொண்டு வந்தீர்கள். வலையோடு வந்த துண்டு மரத்தை மீன் பெட்டியில் போட்டுக் கடல்நீரை ஊற்றி வைத்தீர்கள். ஏன் என்று கேட்டேன். "தண்ணியில கெடந்தது, தண்ணியிலயே கெடக்கட்டும்னு தோணுச்சு" என்றீர்கள். நாங்கள் காசு கட்டிப் படித்த பாடம் அது.

எங்கள் துறையில் பெரிய கண்டுபிடிப்புகள் பல இப்படி யாரோ ஒரு கடல்காரர் சொன்ன வார்த்தையில் தொடங்கியவைதான். 1982-இல் துருக்கியில் கடற்பஞ்சு எடுக்க முங்கிய ஓர் இளைஞர், கீழே 'காது வைத்த உலோக பிஸ்கட்' கிடப்பதாகத் தம் படகுத் தலைவரிடம் சொன்னார். அவை சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன் உளுபுருன் என்ற இடத்தில் மூழ்கிய கப்பலில் இருந்த செப்புக் கட்டிகள். அந்தக் கப்பலுக்காக அப்புறம் 22,000 தடவைக்கும் மேல் முங்க வேண்டியிருந்தது.

அடுத்து, நனைந்த சாக்குகளுக்காக. நூற்றாண்டுக் கணக்கில் ஊறிய மரம் பார்க்கத்தான் மரம். உள்ளிருக்கும் செல்லுலோஸை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்திருக்கும்; அந்த இடத்தில் தண்ணீர் புகுந்து முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கும். காயவிட்டால் சுருங்கி, முறுக்கி, வெடித்துவிடும். இதெல்லாம் தெரிந்த நாங்களே ஒரு பலகையைக் கெடுத்தோம். மரத்தை ஊறவைத்திருக்கும் தொட்டியை மாற்றும் அவசரத்தில் தார்ப்பாயை இழுத்து மூட மறந்துவிட்டோம். அரைநாள் வெயில்தான். திரும்பி வந்து பார்த்தால் நீளவாக்கில், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. மறுநாளிலிருந்து பெண்கள் முறைபோட்டுக்கொண்டு வந்து சாக்கு நனைத்துப் போர்த்தினீர்கள். நாங்கள் கேட்கவே இல்லை. "படிச்சவங்க மறந்துடுறாங்க" என்று ஓர் அக்கா சொன்னது என் காதிலும் விழுந்தது. சரி, உண்மைதானே. மரத்தில் ஏறியிருந்த உப்பை இறக்குவதற்கு நல்ல தண்ணீர் மாற்றிக்கொண்டே இருந்தோமே, அது உங்கள் குடத்துக்கு வர வேண்டிய தண்ணீர் என்பதும் தெரியும்.

படகு கட்டும் ஓடாவி ஐயாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு வளைந்த கட்டையை மேல்தளத்து உத்திரம் என்று எழுதி அட்டை கட்டி வைத்திருந்தோம். ஐயா குனிந்து, கட்டைவிரலால் அதன் ஓரத்தை ஒருமுறை தடவினார். "இது வங்கு. முன்பாதியில இருந்தது" என்றார். வங்கு என்றால் கப்பலுக்கு விலா எலும்பு மாதிரி நிற்கும் வளைகட்டை. எப்படித் தெரியும் என்றதற்கு, பலகை வந்து ஒட்டும் முகம் செதுக்கப்பட்டிருந்த சாய்வைக் காட்டினார். முனை நெருங்க நெருங்க அந்தச் சாய்வு கூடுமாம். வரைபடத்தில் அந்தக் கட்டையை அவர் சொன்ன இடத்தில் வைத்துப் பார்த்தோம். மர ஆணித் துளைகள் பக்கத்துப் பலகையின் துளைகளோடு அப்படியே பொருந்தின. அட்டையை அன்றைக்கே மாற்றிவிட்டோம், ஐயா.

பாறைத் துண்டு மாதிரி இருந்த கட்டியைச் சுத்தியலால் உடைக்கப் போன பையன்களைத் தடுத்த பெரியவருக்கும் நன்றி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது உள்ளே ஒரு கோடாரி இருந்தது. இருந்தது என்பதுகூடத் தப்பு. இரும்பு முழுக்க அரித்துப் போய், கோடாரியின் வடிவத்தில் வெற்றிடம் மட்டும்தான் மிச்சம். அதில் எபாக்சி பிசினை ஊற்றி, இறுகியதும் மேலோட்டை உடைத்தால் கோடாரி வந்துவிட்டது. ஒரே ஒரு அடி விழுந்திருந்தால் அந்த அச்சே போயிருக்கும்.

கப்பல் மணியை விலைபேசி வந்தவரை நீங்கள் எப்படித் திருப்பி அனுப்பினீர்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்: அந்த இடத்தில் வலை போடுவதில்லை என்று நீங்களே கூடி முடிவெடுத்தீர்கள். மூழ்கிய கப்பலைச் சுற்றி மீன் சேரும். நல்ல மீன்பாடு உள்ள இடம் என்று உங்களுக்குத் தெரியாதா? மூழ்கிய மரபுச் சின்னங்களை முடிந்தவரை கிடந்த இடத்திலேயே காப்பதுதான் முதல் வழி என்கிறது யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை. அதனால்தான் மிச்சத்தை மணல் மூட்டைகளால் மூடிவிட்டு வந்தோம். சேற்றுக்குள் ஆக்சிஜன் கிடையாது, மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவால் அங்கே பிழைக்க முடியாது. இழுவலை ஒன்று மேலே போனால் மூட்டையும் போச்சு, கப்பலும் போச்சு. அந்தக் காவலுக்கு நாங்கள் ஆள் போட முடியாது. உங்கள் வருமானத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துத்தான் அது நடக்கிறது. இதற்கு ஈடாக ஏதாவது செய்யக் கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் வரும்வரை விடமாட்டோம்.

"எப்ப முடியும்?" என்று கேட்ட தம்பிக்கு: மரத்திலிருக்கும் தண்ணீரை வெளியேற்றி, அந்த இடத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு மாதிரியான பொருளை ஏற்ற வேண்டும். ஸ்வீடனில் மூழ்கிக் கிடந்த வாசா கப்பலை 1961-இல் தூக்கினார்கள். அதன்மேல் இந்தப் பொருளைத் தெளிப்பதற்கே 17 ஆண்டு ஆனது. நம்மிடம் இருப்பது கொஞ்சம் மரம்தான், தொட்டியிலேயே ஊறவைக்கிறோம். இருந்தாலும் நீ பள்ளி முடித்துவிடுவாய்.

கடைசியாக ஒன்று. அந்த முதல் துண்டு இத்தனை நாளும் வலை கிழிந்தவருடைய மீன் பெட்டியிலேயே இருந்தது. போன வாரம்தான் தொட்டிக்கு மாற்றினோம். புதுப் பெட்டி வாங்கித் தருகிறோம் என்றால் வேண்டாம், அதே பெட்டிதான் வேண்டும் என்கிறார். கழுவி வைத்திருக்கிறேன், அண்ணே. அடுத்த தடவை வரும்போது கையோடு கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
தொட்டிக் கொட்டகையிலிருந்து