அந்த மாத்திரையை அனுப்ப மாட்டேன்

அன்புள்ள வித்யா,

நேற்று போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், மாதுங்காவில் நம் மருந்துக் கடையின் சாயங்காலக் கூட்டம் உனக்குத் தெரியும், கவுன்டரில் நாலு பேரை வைத்துக்கொண்டு பேச முடியவில்லை. தூக்கத்துக்கு அல்பிரசோலம், அந்தப் பதற்றம் தணிக்கிற மாத்திரை, ஒரு அட்டை கூரியரில் அனுப்பச் சொன்னாய். அனுப்ப மாட்டேன் கண்ணு. கோபமில்லை. நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூக்கம் வராமல் நீ படுகிற பாடு குரலிலேயே தெரிந்தது.

ரூம்மேட் கொடுத்த அரை மாத்திரையில் நன்றாகத் தூங்கினேன் என்றாய். தூங்கியிருப்பாய், வேலை செய்கிற மருந்துதான். ஆனால் அவளைப் பார்த்து, அவள் வேறு என்னென்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டு ஒரு டாக்டர் அவளுக்கு எழுதியது அது. நீ பெங்களூரு தூசிக்குத் தினமும் செட்டிரிசின் அலர்ஜி மாத்திரை போடுகிறவள். இரண்டும் சேர்ந்தால் மயக்கம் கூடும், எழுந்த பிறகும் லேசில் விடாது, அதோடு நீ மாரத்தஹள்ளியில் ஸ்கூட்டி ஓட்டுவதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். அவளும் பாசத்தில்தான் கொடுத்தாள், சரி, ஆனால் அவளுக்கு எண்ணிக் கொடுத்ததில் உனக்குப் பங்கு போனால் அவளுக்குக் குறையுமே, அதை யோசித்தாயா?

நம் கடைக்கு வருகிற ஒரு பெரியவர், மனைவி தவறின சமயத்தில் டாக்டர் இதே மாத்திரையைப் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்த சீட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கடை கடையாகக் காட்டி வாங்கியிருக்கிறார். அரை மாத்திரை ஒன்றாகி, ஒன்று இரண்டாகிவிட்டது. அவர் மேல் தப்பில்லை, அந்த மருந்தின் குணமே அப்படி, சில வாரம் விடாமல் போட்டால் பழைய அளவு போதாது. ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்து சட்டென்று நின்றுபோக, கை நடுக்கம், பதற்றம், அப்புறம் வலிப்பே வந்துவிட்டது. இப்போது டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் குறைத்து வருகிறார். பழகினவர்கள் தானாக நிறுத்தக் கூடாது, அப்படித்தான் குறைக்க வேண்டும்.

அப்பாவே கடையில் இருக்கிறார், ஒரு அட்டை எடுத்தால் என்ன என்று உனக்குத் தோன்றலாம். இது ஷெட்யூல் ஹெச்1 மருந்து, அதாவது டாக்டர் சீட்டில்லாமல் விற்கவே கூடாத பட்டியலில் இருப்பது. அந்த மருந்துகளுக்கு 2014 மார்ச் 1 முதல் தனி ரிஜிஸ்டர். டாக்டர் பெயர், விலாசம், நோயாளி பெயர், மருந்து, எத்தனை என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். உனக்கு அனுப்பினால் அந்தக் கட்டங்களில் நான் பொய்யாகத்தானே எழுத வேண்டும்? போதைப்பொருள் சட்டத்திலும் வருகிற மருந்து இது. சட்டத்தை விடு, முன்பின் தெரியாத பிள்ளைகள் சீட்டில்லாமல் கேட்டால் திருப்பி அனுப்புகிறேன், அவர்களுக்குக் காட்டுகிற அக்கறையை என் பெண்ணுக்குக் காட்டாமல் விடுவேனா?

முதலில் ஒரு டாக்டரைப் பார். எத்தனை நாளாகத் தூக்கமில்லை, செட்டிரிசின் போடுவது, ரூம்மேட் மாத்திரை சாப்பிட்டது, எதையும் மறைக்காதே, கேட்டுத் திட்டினாலும் பரவாயில்லை. ஆபீஸ் நெருக்கடியில் மனசு ஓயவில்லை என்றால் 14416-க்குப் போன் பண்ணு, டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், அரசாங்கத்துடையது, இலவசம், தமிழிலும் பேசலாம், உங்கள் ஊர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைதான் அதற்குத் தலைமை. விடியற்காலை 4 மணிக்குக் குடிக்கிற காபியை நிறுத்து, அதில் ஏறக்குறைய பாதி 9 மணிக்கும் உடம்பில் இருக்கும், அப்புறம் எப்படித் தூக்கம் வரும்? ஜன்னலுக்குக் கெட்டியான திரை வாங்கு, பணம் போட்டுவிடுகிறேன்.

போன வருஷக் காய்ச்சலில் மீந்த அசித்ரோமைசின், அந்த ஆன்டிபயாடிக், இன்னும் டிராயரில் கிடக்கிறது என்று அம்மா சொன்னாள். அட்டையில் சிவப்புக் கோடு இருக்கும் பார், டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது என்பதற்குத்தான் அது. அதை யாருக்கும் கொடுக்காதே, அடுத்த சளிக்கு நீயும் போடாதே, சாதாரணச் சளி வைரஸால் வருவது, பாக்டீரியாவுக்கான இந்த மருந்துக்கு அது கேட்காது.

டாக்டர் என்ன எழுதினாலும் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, எதை எப்போது போடுவது என்று விவரமாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை அரை நாள்தான், மத்தியானம் கூப்பிடுகிறேன்.

அப்பா