வானியல் ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், நிர்வாகிகள், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு அறிக்கை தபாலில் போகும்.

செயற்குழு நான்கு முறை கூடியது. நிலா பார்க்கும் நிகழ்ச்சி இரண்டு நடந்தது, கூட்டத்துக்குக் குறைவில்லை. தொலைநோக்கியின் தாங்கி பழுது பார்க்கப்பட்டது.

இனி 253 மதில்டா. வெளிச்சத்தை அளக்க இந்தச் சிறுகோளை ஏன் எடுத்தோம் என்று வெளியே பேச்சு நடப்பதாகக் கேள்வி. பேசுகிறவர்களில் போன பொதுக்குழுவில் கைதூக்கியவர்களும் இருப்பதால் மறுபடி சொல்கிறேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும், சுமார் 53 கிலோமீட்டர் அகலமுள்ள கரிமச் சிறுகோள் அது. 1885-இல் வியன்னாவில் யோஹான் பலிசா கண்டுபிடித்தது. மேலே விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு நாலு பங்கைத்தான் திருப்பித் தரும். அடுப்புக்கரியே இதைவிட வெளுப்பு. 1997-இல் நாசாவின் நியர் விண்கலம் பக்கத்தில் போய்ப் படமெடுத்த பிறகு, அதிலுள்ள பள்ளங்களுக்குக் கரூ, தாமோதர் என்று நிலக்கரி வயல்களின் பெயரையே வைத்தார்கள்.

சிறுகோள்கள் பெரும்பாலும் சில மணி நேரத்தில் ஒரு சுற்றை முடித்துவிடும். ஒருவரே ஒரு ராத்திரி உட்கார்ந்து, அது சுற்றும்போது வெளிச்சம் ஏறி இறங்குவதை அளந்துவிடலாம். மதில்டா தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 17 நாளுக்கு மேல் ஆகிறது. அதனால்தான் 18 ராத்திரிக்கு முறைப்பட்டியல் போட்டேன். நோட்டைப் புரட்டினால் 11 ராத்திரியில் என் கையெழுத்து. 3 ராத்திரி மேகம், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. 2 ராத்திரி பொருளாளர் வந்தார். ஒரு ராத்திரி வந்த உறுப்பினர் தொலைநோக்கியின் மூடியைக் கழற்றாமலே 40 படம் எடுத்துவிட்டுப் போனார். மதில்டாவைவிடக் கறுப்பான படங்கள். இன்னொரு ராத்திரிக்கு ஆளே வரவில்லை. அந்த இரண்டும் அடுத்தடுத்த ராத்திரிகள், வரைபடத்தில் கோடு இறங்கித் திரும்ப வேண்டிய இடம். அங்கே இப்போது ஓட்டைதான் இருக்கிறது.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன, ஒத்துப்போகாதது சந்தா. மதில்டாவாவது நூற்றுக்கு நாலு திருப்பித் தருகிறது.

இடம் கொடுத்தவர்களுக்கும் தணிக்கையாளருக்கும் நன்றி.

மதில்டா மறுபடி பார்ப்பதற்கு நல்ல நிலைக்கு வர ஒன்றேகால் வருடத்துக்கு மேல் ஆகும். அப்போது செயலாளர் யார் என்பதைச் சபை முடிவு செய்யட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் 18 கட்டம் போட்ட புதுப் பட்டியலை வாசல் பக்கம் ஒட்டியிருக்கிறேன். பென்சிலும் நூலில் கட்டித் தொங்குகிறது.