புள்ளி விழுந்த பாத்தியைப் புறந்தள்ளாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோய் தாங்கும் தானிய ரகங்களுக்கான மரபணு ஆராய்ச்சி பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். கோதுமை ஆராய்ச்சி வயலில் துரு நோய்க்கு, அதாவது இலையிலும் தண்டிலும் செம்பொடிக் கொப்புளம் கிளப்பும் பூஞ்சை நோய்க்கு, மதிப்பெண் போடுவதுதான் ஓய்வு பெறும்வரை நான் பார்த்த வேலை. அதனால்தான் ஒரு இடம் உறுத்தியது. இலையில் ஒரு புள்ளிகூட விழாத செடியைத்தான் கட்டுரை வெற்றி என்று கொண்டாடுகிறது.

சோதனைப் பாத்திகளைச் சுற்றி, நோய் எளிதில் பிடிக்கும் ரகம் ஒன்றை வரிசையாக விதைப்போம். மாலையில் அதன்மேல் பூஞ்சை வித்துகளைத் தெளிப்போம். இரவு ஈரத்தில் அவை முளைத்து இலைக்குள் இறங்கிவிடும். நோய் நன்றாகப் பரவியதும் பாத்தி பாத்தியாக நடந்து, துரு எத்தனை சதவீதம், கொப்புளம் எப்படிப்பட்டது என்று குறிப்போம். '80 எஸ்' என்றால் நோய் கடுமை, செடிக்குத் தாங்கும் திறன் இல்லை. '20 எம்ஆர்' என்றால் துரு இருக்கிறது, ஆனால் செடி ஓரளவு சமாளிக்கிறது. வீடு திரும்பும்போது கால்சட்டை முட்டிவரை செம்பொடி அப்பியிருக்கும். பார்வையாளர்கள் மட்டும் துருவே இல்லாமல் பூஜ்யம் வாங்கிய பாத்தி முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொள்வார்கள்.

பல நேரம் அந்தப் பூஜ்யத்துக்குப் பின்னால் இருப்பது ஒற்றை மரபணு. பூஞ்சையின் குறிப்பிட்ட ஒரு புரதத்தை அடையாளம் கண்டு, தொற்றிய செல்லையே சாகடித்து, நோயை அங்கேயே நிறுத்துகிறது. திருடனைச் சட்டை நிறத்தை வைத்து மட்டுமே பிடிக்கத் தெரிந்த காவல்காரர் மாதிரி. பூஞ்சை அந்தப் புரதத்தை மாற்றிக்கொண்டால் போச்சு. ரை என்ற தானியத்திலிருந்து கோதுமைக்குக் கொண்டுவரப்பட்ட எஸ்ஆர்31 மரபணு, தண்டுத் துருவைப் பல ஆண்டுகள் அடக்கி வைத்திருந்தது. அதை நம்பிப் பல நாடுகளில் ரகங்கள் வெளிவந்தன. 1998-இல் உகாண்டாவில் அந்த மரபணு இருந்த செடிகளிலும் துரு ஏறியது. யூஜி99 என்று பெயர் பெற்ற அந்தப் பூஞ்சை இனம் அடுத்த பத்தாண்டுக்குள் கென்யா, எத்தியோப்பியா, ஏமன், ஈரான் வரை போய்விட்டது.

எல்ஆர்34 என்ற மரபணு வேறு மாதிரி. இந்த மரபணு இருக்கும் கோதுமையிலும் துரு வரும். ஆனால் கொப்புளம் சிறிதாக, எண்ணிக்கையில் குறைவாக, தாமதமாக வரும். நாற்றுப் பருவத்தில் சோதித்தால் பெரும்பாலும் தெரியவே தெரியாது. வளர்ந்த செடியில்தான் வேலை செய்கிறது. முதிர்ந்த இலையின் நுனி காய்ந்திருக்கும். விவரம் தெரியாதவர் அதையே நோய் என்பார். எங்களுக்கு அதுதான் அடையாளம். இலைத் துரு, மஞ்சள் துரு, சாம்பல் நோய் மூன்றையும் ஓரளவு தடுக்கிறது. கோதுமை ரகங்களில் சுமார் ஒரு நூற்றாண்டாக இருந்தும் இதைப் பூஞ்சை முறியடிக்கவில்லை. 2009-இல் இந்த மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். தாங்கும் செடிக்கும் தாங்காத செடிக்கும் அதன் புரதத்தில் இருந்த முக்கிய வித்தியாசம் இரண்டே அமினோ அமிலங்களில்தான்! இப்படி மெதுவாக வேலை செய்யும் மரபணுக்கள் நான்கைந்தை ஒரே செடியில் சேர்த்தால் கிட்டத்தட்ட நோயே இல்லாத நிலை வரும் என்று வயலிலேயே காட்டியிருக்கிறார்கள்.

வலுவான மரபணுக்களை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தனியாக அனுப்பாதீர்கள் என்கிறேன். 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், தண்டுத் துருவுக்கு எதிரான ஐந்து மரபணுக்களைக் கோதுமையில் ஒரே இடத்தில் கோத்துவிட்டார்கள். அடுத்தடுத்த தலைமுறைக்கு ஐந்தும் சேர்ந்தே போகும், வழியில் ஒன்று கழன்றுகொள்ளாது. அந்த ஐந்தில் ஒன்று எல்ஆர்34 மாதிரியே பல நோய்களை ஓரளவு தடுப்பது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

ரகங்களைத் தேர்வு செய்யும் குழுக்கள் 20 எம்ஆர் வாங்கிய செடியை அவசரப்பட்டுத் தள்ளிவிடுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. தங்கள் நிருபர் அடுத்த முறை ஒரு புதிய ரகத்தைப் பற்றி எழுதும்போது, அதில் எத்தனை எதிர்ப்பு மரபணுக்கள், அவற்றில் வளர்ந்த செடியில் மெதுவாக வேலை செய்பவை எவை என்று விஞ்ஞானியிடம் கேட்டு, பதிலையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கள உதவியாளர்