ஒரு வரி வேலைதானே என்றாய்

அன்புள்ள சேது,

நலம். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. இப்போது செய்தித்தாளில் அச்சுப் பிழைகளைக் கண்டுபிடித்து எனக்கு வாசித்துக் காட்டுகிறார். குண்டு ராஜா மறுபடியும் தொழில் மாற்றிவிட்டான். என்ன தொழில் என்று அவனிடமே கேள், நான் சொன்னால் சிரித்துவிடுவேன். உன் மகளுக்கு என் ஆசிகள். விசாரிப்புகள் இவ்வளவு போதும்.

பெர்ல் நிரல்மொழியில் பலர் எழுதிப் பொதுவில் வைத்த மாட்யூல்களை, அந்தச் சிறு நிரல் தொகுப்புகளை, டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் நேராக நிறுவும்படி பொதியாக்கும் வேலையில் இறங்கியிருக்கிறேன் என்று போனில் சொன்னபோது சிரித்தாய். "அந்த மாட்யூல்களின் கிடங்கான சீபானில்தான் எல்லாம் இருக்கிறதே, ஒரு வரி அடித்தால் வந்து இறங்கிவிடும், அதை எதற்கு இன்னொரு டப்பாவில் அடைக்கிறாய்?" என்றாய். ரயில் இரைச்சலில் அன்று பதில் சொல்ல முடியவில்லை. இப்போது நீ குறுக்கே பேச வழியில்லை, படி.

அக்கா வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் கோஹா என்ற நூலக நிர்வாக மென்பொருளை வைத்திருக்கிறார்கள். நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கிய மென்பொருள். பெரும்பகுதி பெர்ல். நூற்றுக்கும் மேற்பட்ட மாட்யூல்களை அது நம்பியிருக்கிறது. அக்கா நூலகர், சீபான் என்றால் ஏதோ மருந்துப் பெயர் என்று நினைப்பார். உன் ஒரு வரியை அவர் அடித்தால், பாதி வழியில், சி மொழி நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் இல்லை என்று நின்றுவிடும். தப்பித்தவறி வேலை செய்தாலும், அடுத்த மாதம் அதே வரி வேறு பதிப்பைக் கொண்டுவந்து இறக்கும். டெபியனில் அவர் ஒரு கட்டளை கொடுத்தால் ஏறக்குறைய அத்தனையும் ஒன்றோடொன்று சேர்த்துச் சோதிக்கப்பட்ட நிலையில் வருகின்றன. அந்த வெளியீடு இருக்கும் வரை பதிப்பு மாறாது, ஓட்டைகள் மட்டும் அடைக்கப்படும். உன்னைப் போன்றவர்களுக்காக இந்த வேலையை யாரும் செய்யவில்லை, சேது. மாட்யூல் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் புத்தகம் கொடுத்து வாங்கும் அக்காக்களுக்காகச் செய்கிறார்கள். டெபியனின் பெர்ல் குழு இப்படி 3,000க்கும் மேற்பட்ட பொதிகளைக் கூட்டாகப் பார்த்துக்கொள்கிறது.

இனி என் கதை. எடுத்துக்கொண்டது சின்ன மாட்யூல்தான். தேதிகளைப் படிக்கும், ஒழுங்குபடுத்தும், அவ்வளவே. டெபியனில் பொதியின் எலும்புக்கூட்டைச் செய்து கொடுக்க டிஎச்-மேக்-பெர்ல் என்று ஒரு கருவி உண்டு. முன்னால் லிப், பின்னால் பெர்ல் என்று பெயர் சூட்டி, அது நம்பியிருக்கும் மற்ற மாட்யூல்களைத் தானே கண்டுபிடித்து நொடியில் கையில் தந்துவிடும். நீ சொன்ன ஒரு வரி வேலை அதோடு முடிந்தது.

பிறகு வந்தது பதிப்புரிமைக் கோப்பு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பையும் யார் எழுதினார், எந்த ஆண்டில், எந்த உரிமத்தில் என்று எழுதவேண்டும். ஆசிரியர் "பெர்லுக்கு உள்ள அதே நிபந்தனைகள்" என்று ஒரு வரி போட்டிருந்தார். ஆர்ட்டிஸ்டிக், ஜிபிஎல் என்ற இரண்டு கட்டற்ற உரிமங்களில் எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று அர்த்தம். நல்லது. ஆனால் ஒரு மூலையில் வேறு யாரோ எழுதிய நிறுவல் நிரலின் நகல் இருக்கிறது. இன்னொரு மூலையில் சுருக்கி நசுக்கிய ஜாவாஸ்கிரிப்ட், அதன் மூலநிரல் எங்கும் இல்லை. ஆவணத் தொகுப்பில் இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி ஒன்றை முழுதாக வைத்திருக்கிறார். அந்த உரையைத் திருத்தி வெளியிட அனுமதி கிடையாது. 1997இல் டெபியன் வகுத்த கட்டற்ற மென்பொருள் நெறிகளின்படி அப்படிப்பட்டது உள்ளே வரக்கூடாது. ஆகவே அதை நீக்கி, மூலப் பொதியை மறுபடி கட்டி, பதிப்பு எண்ணுக்குப் பின்னால் அந்த நெறிகளின் சுருக்கப் பெயரான டிஎஃப்எஸ்ஜி என்று வால் ஒட்டவேண்டும். எல்லாம் முடிந்தது என்று நிமிர்ந்தால் பொதிகளில் பிழை தேடும் லின்டியன் என்ற கருவி வருகிறது. நம் விடுதிக் காப்பாளர் போலவே, போர்வை மடிப்பிலும் குற்றம் கண்டுபிடிக்கும்.

மாட்யூல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைகளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும், உனக்குப் பிடிக்கும். டைம்-லோக்கல் என்ற பெர்ல் மாட்யூலுக்கு இரண்டு இலக்க ஆண்டைக் கொடுத்தால், இன்றைக்கு முன்னும் பின்னும் ஐம்பது ஆண்டுக்குள் எது பொருந்துமோ அதை எடுத்துக்கொள்ளும். 70 என்றால் 1970 என்று எல்லோரும் பழகியிருந்தார்கள். 2020 பிறந்த அன்று அது 2070 ஆகிவிட்டது. ஓர் எழுத்துகூட மாறாத நிரல்கள், நாட்காட்டி மாறியதால் மட்டும் சோதனையில் தோற்றன. என்னுடையதும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. உன் மெஸ் கணக்கு நிரலை நினைத்துக்கொண்டேன். அது எந்த ஆண்டிலும் சரியாக ஓடியதில்லை என்பதால் அதற்கு இந்தக் கவலையே இல்லை.

அதற்கான திருத்தத்தை மாட்யூலின் ஆசிரியருக்கு அனுப்பினேன். எனக்கு இப்போது தூக்கம் வராததற்குக் காரணம் அவருடைய பதில். ஓய்வு பெற்றுவிட்டாராம், பெர்லைத் தொட்டு வெகுகாலம் ஆகிறதாம். "திருத்தம் சரி. மாட்யூலையே நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், பதிவேற்றும் உரிமையைத் தந்துவிடுகிறேன்" என்கிறார். சீபானில் ஆளில்லாத மாட்யூல்களுக்கு "என்னைத் தத்தெடு" என்ற பெயரிலேயே ஒரு கணக்கு இருப்பது உனக்குத் தெரியும். அதில் போட்டுவிடாமல் எனக்குத் தர நினைக்கிறார். பெருமையாகத்தான் இருந்தது, அரை மணி நேரம்.

பிறகு எக்ஸ்-இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் கதை நினைவுக்கு வந்தது. 2024 மார்ச்சில் வெளியான விஷயம். களைத்துப்போன ஒரு பராமரிப்பாளர், உதவிக்கு வந்த முகம் தெரியாத ஒருவர். பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பை வாங்கி, சோதனைக் கோப்புகளுக்குள், கணினிகளில் திருட்டுத்தனமாக நுழைய ஒரு பின்கதவை ஒளித்துவைத்தார். அதைத் திறக்கும் வரிகள் பொதுவில் இருந்த நிரல் களஞ்சியத்தில் இல்லை, வெளியிட்ட மூலப் பொதியில் மட்டும் இருந்தன. உள்நுழைவு அரை நொடி தாமதமாவதை போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர் ஒருவர் கவனித்ததால் பிடிபட்டது. டெபியனின் நிலையான வெளியீட்டுக்குள் அது நுழைந்திருக்கவில்லை. அடுத்த வெளியீட்டுக்காகத் தயாராகும் சோதனைக் கிளைவரை வந்துவிட்டது.

இந்தப் பெரியவருக்கு என்னைத் தெரியாது, சேது. ஒரு திருத்தம் அனுப்பியவன், மரியாதையாக எழுதுபவன், அவ்வளவுதான். என் எண்ணம் என்ன என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பொதியாக்குபவனின் வேலையில் பாதி சந்தேகப்படுவது. எழுதியவர் ஒருவர், வாசலில் நின்று பிரித்துப் பார்ப்பவர் இன்னொருவர் என்று இருப்பதில்தான் பாதுகாப்பே இருக்கிறது. மாட்யூலும் நானே, பொதியும் நானே என்றால் என்னை யார் பிரித்துப் பார்ப்பது? எனக்காகப் பதிவேற்றும் டெபியன் உறுப்பினர் பொதியின் மாற்றங்களைப் பார்ப்பார், ஆனால் மாட்யூலின் ஒவ்வொரு வரியையும் அவர் தலையில் கட்ட முடியாது. வேண்டாம் என்று எழுதினாலோ, அடுத்து மரியாதையாக எழுதும் யாருக்கோ அவர் சாவியைக் கொடுத்துவிடுவார்.

ஆகவே மாட்யூலை நீ எடுத்துக்கொள். நான் டெபியன் பக்கத்தோடு நிற்கிறேன். வெளியீட்டுக்கு முன் நீ அனுப்புவதை வரிவரியாகப் படித்து உன்னைத் திட்டுவதற்கு என்னைவிடத் தகுதியானவன் யார்? வேலை அதிகமில்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை, புதிய பெர்ல் வரும்போது சோதனைகள் ஓடுகின்றனவா என்று பார்க்கவேண்டும், வரும் வழுக்களுக்குப் பதில் எழுதவேண்டும். உன் அலுவலகத்தில் எல்லாம் பைத்தான் என்று சாக்குச் சொல்லாதே. இரவில் யாரும் பார்க்காதபோது நீ இன்னும் பெர்லில்தான் கணக்குப் போடுகிறாய் என்று உன் மனைவியே சொன்னார்.

பெரியவருக்கு "யோசித்துச் சொல்கிறேன்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். நீ சம்மதித்தால் முதலில் நீயே அவருக்கு எழுது, நான் நடுவில் வரமாட்டேன். நீ யார், இதுவரை என்ன செய்திருக்கிறாய் என்று விவரமாக எழுது. அவர் கேட்காவிட்டாலும் எழுது. மாதக் கடைசிக்குள் முடிவு தெரியவேண்டும், காத்திருக்கிறார்.

அன்புடன்,
கோபி